இல்லினாயில் நான் கேட்ட மகமை

1

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் பாதியை முழுங்கிவிடுவார்கள்.

திருச்சுழிக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டில் பிறந்தவன் நான். மழை பெய்த வருஷம் அது நிலம், பெய்யாத வருஷம் வெறும் தரை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பன்னிரண்டு வயதில் அருப்புக்கோட்டை மிளகாய் மண்டியில் மூட்டைவாய் தைக்க உட்கார்ந்தேன். தும்மித் தும்மியே நெஞ்சு அகன்ற உடம்பு இது. இருபத்தாறு வயதில், தெரிந்தவர் ஒருவர் சொல்லி, அமெரிக்காவில் சிகாகோ பட்டணத்து இந்திய ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவப் போனேன். அப்போது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மூன்று வார்த்தை. அதில் ஒன்று 'சார்'.

அந்தச் சமையல்கட்டில் கை துடைக்கக் காகிதத்தை உருவி உருவிக் குப்பையில் போட்டார்கள். நம்மூர்ப் படித்தவர்கள் எத்தனையோ பேர் அந்தப் பட்டணத்தில் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் அது படவில்லை. என் கண்ணில் பட்டது. அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது அருப்புக்கோட்டைத் தறித்துணியில் கைத்துண்டு தைத்து, என் சட்டை துணிமணியை வீட்டிலேயே போட்டுவிட்டு, பெட்டி நிறைய அதை அடுக்கிக் கொண்டுபோனேன். பனி கொட்டுகிற மாதத்தில் ஓட்டல் ஓட்டலாகப் பின்வாசலைத் தட்டி விற்றேன். ஒரு சமையல்காரன் கதவை என் விரல் மேலேயே சாத்தினான். மறுநாள் அதே கதவை இடது கையால் தட்டினேன்.

அதிலிருந்து வந்ததுதான் இல்லினாய் மாநிலத்தில் எனக்கு இருக்கும் சரக்குக் கிட்டங்கி. மூன்று லாரி. பாளையம்பட்டியில் நாற்பது மிசின், நாற்பது பொம்பளையாள் வேலை பார்த்த தையல் கம்பெனி. நம் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறை. மகளைக் கணக்குப் படிப்பு படிக்க வைத்தேன், மகனைக் கம்ப்யூட்டர். எவனும் கை கொடுக்கவில்லை, எந்தப் பேங்க்காரனும் முதல் பத்து வருஷம் என்னை உட்காரச் சொல்லவில்லை.

இந்தத் தையோடு நான் ஊரைவிட்டுப் போய் நாற்பது வருஷம். அதனால்தான் பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு ஜெயபால் சார் என்னை எழுதச் சொன்னார். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மலரைத் தொகுக்கிறவர். "ரெண்டு பக்கம் போதும் அண்ணாச்சி" என்றார். ரெண்டு பக்கத்தில் அடங்குகிற ஆளா நான்? கூடத்தான் போகும். படிக்க முடிந்தவர்கள் படியுங்கள்.

2

நான் இருக்கும் ஊர் சிகாகோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம். சுற்றிலும் சோயாவும் மக்காச்சோளமும். மண் கரிசல். நம்ம பரளச்சிப் பக்கம் உழுத காடு எப்படி இருக்குமோ அப்படியே கறுப்பு. மழைதான் வேறு. இங்கே அது சொன்ன நாளில் வருகிறது. முதன்முதலில் அந்த மண்ணைப் பார்த்த அன்று காரை ஓரமாக நிறுத்தி ஒரு கை அள்ளிப் பார்த்தேன். போலீஸ்காரன் வந்து உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்டான்.

காலையில் ஆறு மணிக்குக் கிட்டங்கியைத் திறந்துவிடுவேன். திறந்து என்ன செய்ய? இந்த ஒரு வருஷமாக நடக்கிறேன். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை, பிறகு திரும்பி. உட்கார்ந்தால் கால் தானாக எழுந்துகொள்கிறது. "சர்க்கரைக்கு நல்லதுதான், நடங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி. சர்க்கரைக்கு நடக்கிறவன் அலமாரி அலமாரியாக நின்று விற்காத துண்டைத் தொட்டுப் பார்ப்பானா?

அந்த நடையில்தான் தினமும் போன் வரும். பாளையம்பட்டிக் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிற கனகராஜ், என் வீட்டுக்காரியின் தம்பி. அங்கே சாயங்காலம், வேலை முடிந்து ஆள்கள் கிளம்புகிற நேரம்.

"அத்தான், அடுத்த ஆர்டரு வருமா வராதா?"

"வரும் மாப்ளே."

"எப்ப?"

"வரும்னு சொன்னேன்ல."

"போன மாசமும் இதத்தான் சொன்னீக. நாப்பது பேரும் சோலி முடிஞ்சி போகும்போது என் மூஞ்சியப் பாத்துட்டே போறாக. நான் செவுத்தப் பாக்கேன். எத்தன நாளைக்குச் செவுத்தப் பாக்க?"

"வாரத்துக்கு மூணு நாளு ஓட்டு."

"மூணு நாளாத்தான் ஓட்டுறேன். ரெண்டா ஆக்கவா?"

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். முன்பெல்லாம் அந்த நேரத்திலும் மிசின் சத்தம் கேட்கும், அன்று கேட்கவில்லை.

3

ஆர்டர் ஏன் இல்லை என்பதற்கு முன்னால், வந்த சரக்கு என்ன ஆனது என்று சொல்லவேண்டும்.

தூத்துக்குடியில் கப்பல் ஏறும்போது நம் துண்டுக்கு ஒரு வரி. நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே அமெரிக்காவில் வரியை ஏற்றிவிட்டார்கள். கரை இறங்கும்போது வேறு வரி. துறைமுகத்திலிருந்து காகிதம் வந்தது. சரக்கை எடுக்கிறீர்களா, கைவிடுகிறீர்களா, எதில் என்று குறியிட்டு அனுப்பவும் என்று இரண்டு கட்டம். கைவிடுவதா? பாளையம்பட்டியில் ஒவ்வொரு துண்டின் மூலையிலும் பிசிறு வெட்டி, வெயிலில் காட்டிப் பார்த்து அனுப்பிய சரக்கு அது.

சுங்கக் காகிதம் என்றாலே எனக்கு ஆகாது. பாளையம்பட்டிக் கம்பெனி தொடங்கிய புதிதில் ஒரு படிவத்தில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உறவு உண்டா என்று கேட்டிருந்தான். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இவ்வளவு மரியாதையாக உறவெல்லாம் விசாரிக்கிறானே என்று 'உண்டு' என்று குறியிட்டு, பக்கத்தில் 'மனைவியின் தம்பி, மிகவும் நம்பகமானவர்' என்றும் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எட்டு மாதம் கடுதாசி மேல் கடுதாசி. உறவுக்காரன் என்றால் விலையைக் குறைத்துக் காட்டியிருப்பாயே என்கிறான். எங்கள் பக்கத்தில் உறவில்லாதவனிடம் எவன் முதல் போடுவான் என்று நான் கேட்கிறேன். கடைசியில் என் மகள் ஜோதி உட்கார்ந்து பதில் எழுதித்தான் அது தீர்ந்தது.

இந்தத் தடவையும் ஜோதிதான் வந்தாள். காகிதத்தைப் படித்தாள். எடுக்கலாம் என்றாள், ஆனால் விலையை ஏற்றித்தான் விற்க வேண்டும், ஏற்றினால் ஓட்டல்காரர்கள் வாங்கமாட்டார்கள். எல்லாம் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"அப்பா, யாரையும் திட்டாதீங்க. நீங்களும்தானே கேட்டீங்க?"

"நான் கேட்டது போட்டிக்காரனுக்கு."

"வரி கேட்டீங்க. வந்துடுச்சு."

சரக்கை எடுத்தேன், அதுதான் அலமாரியில் விற்காமல் கிடக்கிறது. ஜோதிக்குத் தமிழ் பேச்சு மட்டும்தான் வரும். இதை அவள் படிக்கப்போவதில்லை, அவள் பிள்ளைகளும் படிக்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் அடுத்த பகுதியை எழுதுகிறேன் என்று நினைத்தால் அதுவும் சரிதான்.

4

மகமை என்றால் மலரைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். என் பேரப்பிள்ளைகள் ஒருநாள் யாரையாவது வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாலும் கேட்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். நம் பக்கத்து வியாபாரிகள் தங்கள் கடைக்கு வருகிற போகிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று தாங்களே போட்டுக்கொண்டு பொதுவில் சேர்க்கிற பணம் அது. கேட்க அதிகாரி கிடையாது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் எழும்பியது, கிணறு வெட்டினார்கள், கடை நொடித்தவன் வீட்டுக் கல்யாணம் நடந்தது. நான் தைத்த மிளகாய் மூட்டை ஒவ்வொன்றும் மகமை கொடுத்த மூட்டை. நான் படித்த ஐந்து வகுப்பும் மகமை கொடுத்த வகுப்பு.

சில வருஷம் முன்னால் என் துண்டுக்கு ஒரு போட்டி வந்தது. வேறொரு நாட்டிலிருந்து, என் முதலுக்கும் குறைவான விலைக்குத் துண்டு இறங்கியது. தரம் மட்டம். ஆனால் ஓட்டல்காரனுக்குக் கை துடைத்தால் போதும். உலகத்திலேயே அப்போது வியாபாரம் சவலைப்பிள்ளையாகக் கிடந்தது, யாரைக் கேட்டாலும் கை கடிக்கிறது என்றார்கள். இல்லினாயில் நான் இருக்கும் ஊரின் வியாபாரிகள் சங்கம் கூட்டம் போட்டது. மேலே சட்டம் போடுகிற சபையிலிருந்து ஆள்கள் வந்து எங்கள் குறையைக் குறித்துக்கொள்ளப் போகிறார்கள், பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார்கள்.

நான் விடுவேனா? ஜோதியை உட்காரவைத்து என் பேச்சை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். மகமையைப் பற்றிச் சொல்லி, அதேபோல வெளியிலிருந்து வரும் சரக்குக்கு நாமும் போடவேண்டும் என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "அது வேற, இது வேறப்பா."

"ரெண்டும் மூட்டைக்கு இவ்வளவுதான். நீ எழுது."

"நிஜமாவே வேறப்பா."

"உன்னப் படிக்க வச்சதே அந்த மகமைதான். எழுதும்மா."

எழுதினாள். நான் கோட்டு போட்டுக்கொண்டு போய்ப் பேசினேன். எங்கள் ஊரில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்தோம், யாரும் நொடிக்கவில்லை, பள்ளிக்கூடம் எழும்பியது, நீங்களும் அந்த நாட்டு மூட்டைக்குப் போடுங்கள், இங்கே தொழில் எழும்பும் என்றேன். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அத்தனை வருஷத்தில் என் ஆங்கிலத்துக்கு யாரும் எழுந்து நின்றதில்லை. முன்வரிசையில் டேல் இருந்தான். சோயா விவசாயி, என் கிட்டங்கிக்குப் பக்கத்து நிலத்துக்காரன், விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். உள்ளூர்ப் பேப்பரில் படம் வந்தது. அதை நம் ஊர் வாட்ஸப் குழுவில் போட்டேன். நீங்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டும் மாலை போட்டும் படம் அனுப்பினீர்கள். மறந்திருக்கமாட்டீர்கள்.

5

வரி வந்தது. என் ஒருவன் பேச்சால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த மாதிரி நூறு ஊரில் நூறு கூட்டம் நடந்திருக்கும். ஆனால் எங்கள் ஊர்க் கூட்டத்தில் பேசியவன் நான்.

ஆறு மாதம் நான் ராஜா. அந்த நாட்டுத் துண்டு நின்றது. ஓட்டல்காரர்கள் என்னையே தேடி வந்தார்கள். கனகராஜ் போனில் குதித்தான், "அத்தான், இருபத்தஞ்சு மிசின் பத்தாது. இன்னும் பதினஞ்ச வாடகைக்கு எடுத்துப் போட்டுருவமா?" போடு என்றேன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோ வைத்து ஆள் கூட்டி வந்தான். முத்துமாரி என்று ஒரு பெண், நூல் மில்லில் நிரந்தர வேலை பார்த்தவள், ஷிப்ட் தொல்லை இல்லை என்று மில்லை விட்டுவிட்டு நம்மிடம் வந்தாள். அவளைப் போல இன்னும் பதினான்கு பேர்.

பிறகு நடந்ததைப் படித்தவர்கள் வேறு மாதிரி எழுதுவார்கள். நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

நான் எதிரி என்று நினைத்த நாடுதான் டேலின் சோயாவுக்குப் பெரிய வாடிக்கை. எனக்கு அது தெரியாது. டேலுக்குத் தெரியும், ஆனாலும் விசில் அடித்தான். அவர்கள் சும்மா இருப்பார்களா? அமெரிக்க சோயாவுக்கு அவர்கள் பதில் வரி போட்டார்கள். டேலின் அறுவடை அவன் தகரக் குதிரிலேயே கிடந்தது. டேல் புது டிராக்டர் வாங்குவதைத் தள்ளிப்போட்டான். அவனைப் போலவே எல்லோரும் தள்ளிப்போட்டார்கள். டிராக்டர் கடையில் ஆறு பேரை நிறுத்தினார்கள். அந்த ஆறு பேரும் வாரத்துக்கு நாலு நாள் வெளியில் சாப்பிட்டவர்கள். ஓட்டல்கள் திங்கட்கிழமை மூடின, பிறகு செவ்வாயும் மூடின. மூடின ஓட்டலில் யார் கையைத் துடைப்பது?

இதில் கொடுமை, தொழில் படுத்தவன் எவனும் வரியை எடு என்று கேட்கவில்லை. இன்னும் போடு, இன்னொரு நாட்டுக்கும் போடு என்றுதான் கேட்டான். இரும்புக்காரன் இரும்புக்குக் கேட்டான், மரக்காரன் மரத்துக்குக் கேட்டான். மற்ற நாடுகளிலும் அதே மாதிரி என்னைப் போல ஒருவன் எழுந்து நின்று கேட்டிருப்பான், அவனுக்கும் கைதட்டியிருப்பார்கள். ஏற்கெனவே சவலையாகக் கிடந்த வியாபாரத்தின் வாயில் ஆளுக்கொரு துணியை அடைத்தோம். கடைசியில் நம் நாட்டுச் சரக்குக்கும் வந்தது. வரிப் பட்டியலில் துண்டு என்று எழுதியிருந்த வரிசையில் என் விரலை வைத்துப் பார்த்தேன். இருந்தது.

டேலிடம் ஒருநாள் கேட்டேன். அவன் சொன்னதை நம் தமிழில் எழுதுகிறேன்.

"நீ பேசினப்போ நான் ஏன் விசில் அடிச்சேன் தெரியுமா பாண்டி? துண்டுக்கு வரி போடுறதப் பத்தித்தான் பேசுறாங்க, என் சோயாவுக்கு என்னன்னு இருந்தேன்."

"நானும் உன் சோயாவ நெனச்சுக்கூடப் பாக்கல."

"சரியாப் போச்சு. ரெண்டு பேரும் நல்ல பக்கத்துக்காரங்கதான்."

சிரித்தோம். அவன் அந்தக் குளிர்காலத்தில் நாற்பது ஏக்கரை விற்றான்.

6

நான் சின்னப் பையனாக மண்டியில் இருந்தபோதே இதைப் பார்த்திருக்கிறேன். அதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது.

ஒரு பெரிய வறட்சி வருஷம். இரண்டு ஊர், பேர் சொல்லமாட்டேன், இரண்டிலும் எனக்குச் சம்பந்தம் உண்டு. ஒரு ஊரில் கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடந்து வைக்கோல் இருந்தது. இன்னொரு ஊரில் மாட்டுக்குப் போடுகிற பருத்திக்கொட்டை இருந்தது. வழக்கமாக இரண்டும் வண்டியில் இங்கும் அங்கும் போகும். அந்த வருஷம் முதல் ஊர்க்காரர்கள், நம் மாட்டுக்கே காணாது, வைக்கோல் எல்லை தாண்டக்கூடாது என்று வண்டியை மறித்தார்கள். மறுவாரம் கொட்டை ஊர்க்காரர்கள், அப்படியானால் ஒரு கொட்டைகூட உங்களுக்குக் கிடையாது என்றார்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் தங்கள் ஊரைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தார்கள். அவர்களுக்கும் அவர்கள் ஊரில் கைதட்டியிருப்பார்கள்.

வைக்கோல் ஊர் மாடு வைக்கோலை மட்டும் தின்று வற்றியது. கொட்டை ஊர் மாடு வயிறு நிரம்பாமல் படுத்தது. உழவு இல்லை, வண்டி வாடகை இல்லை, சந்தைக்கு ஆள் இல்லை. மண்டியில் மூட்டை இல்லாமல் கோணியூசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஊர் மாடும் ஒரே லாரியில் அடிமாடாகக் கேரளாவுக்கு ஏறிப் போனதை அருப்புக்கோட்டை ரோட்டில் நின்று பார்த்தேன்.

இதைப் பார்த்த கண்ணோடுதான் கோட்டு போட்டுக்கொண்டு போய் அந்தப் பேச்சைப் பேசினேன். படிக்காததால் செய்த தப்பு என்று யாரும் எனக்குச் சலுகை கொடுக்கவேண்டாம். பார்த்திருந்தும் செய்தேன்.

7

போன மாதம் ஊருக்கு வந்தேன். மதுரையில் இறங்கி நேரே பாளையம்பட்டி. கனகராஜ் காரிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"அத்தான், உள்ள போயி எதையும் அளந்துராதீக. உலகமே படுத்துக் கெடக்கு, நம்ம மட்டும் என்னன்னு சொல்லிட்டு வந்துருவம்."

"நான் என்னைக்கு மாப்ளே அளந்தேன்?"

"என்னைக்கு அளக்கல?"

கம்பெனியில் பாதி மிசினுக்கு மேல் பழைய போர்வை போட்டு மூடியிருந்தது. மீதியில் உள்ளூர்க் கடைக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முத்துமாரிதான் முதலில் குரல் கொடுத்தாள்.

"ஏய், அண்ணாச்சி வந்துட்டாக. பெட்டிய எறக்குங்கடி, ஆர்டரு கொண்டாந்திருக்காக."

"ஆர்டர் இல்லம்மா."

"அப்ப சாக்லேட்டாவது?"

சாக்லேட் கொண்டுபோயிருந்தேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டப்பா கைமாறியது. வாயில் சாக்லேட்டோடு அவள் கேட்டாள்.

"எந்தப் பயலோ வரியப் போட்டுட்டான்னு கனகராஜ் அண்ணாச்சி சொன்னாக. அவன் வீட்டுல சாப்புட்டுக் கையே கழுவமாட்டானா?"

இன்னொருத்தி, "கழுவுவான், சட்டையில தொடச்சிக்கிருவான்" என்றாள்.

கனகராஜ் என் முதுகுக்குப் பின்னால் இருமினான். கிளம்பலாம் என்று அர்த்தம். கிளம்பியிருக்கலாம். என்னால் நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"அந்த வரி வேணும்னு கேட்டவங்கள்ல நானும் ஒருத்தன்மா."

"வெளாடாதீக அண்ணாச்சி."

போனில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினேன். கை கையாகப் போனது. "கோட்டுல நல்லாத்தான் இருக்கீக" என்று ஒருத்தி சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். மகமையையும் சொன்னேன்.

"நான் கேட்டது அந்த நாட்டுக்காரனுக்கு. நம்மளுக்கு இல்ல" என்றேன்.

முத்துமாரி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அவனுக்குப் போடத் தெரிஞ்ச ஆளுக்கு நம்மளுக்குப் போடத் தெரியாதா? எங்கய்யாவும் அந்த மண்டியில சொமை தூக்குனவருதான் அண்ணாச்சி. மகமைய அவுகவுக தன் மூட்டையில போட்டாக. நீங்க அடுத்தவன் மூட்டையிலல்ல போடச் சொல்லிருக்கீக."

ஜோதி 'அது வேற, இது வேற' என்று சொன்னாளே, அவளுக்கும் எனக்கும் அன்று கிடைக்காத வார்த்தை இது. மண்டியில் விளைச்சல் இல்லாத வருஷம் மகமையைப் பாதியாக்குவார்கள், சில வருஷம் வேண்டாம் என்றே விட்டுவிடுவார்கள். தன் மூட்டை என்பதால் வலி தெரிந்தது, தெரிந்து குறைத்தார்கள். நாங்கள் கேட்டது கஷ்ட காலம் வந்தால் கூடுகிற வரி.

"மில்லுல திருப்பிக் கூப்புடுவாகளாம்மா?" என்று கேட்டேன்.

"போயிக் கேட்டுட்டேன். அவுகளே ஒரு ஷிப்ட நிப்பாட்டிட்டாகளாம். நூலு எங்க போகும்? எல்லாம் உங்க மாதிரி அண்ணாச்சிமாரு வாங்குனாத்தான போகும்."

இல்லினாய் திரும்பி, அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று நான் முன்பு பேசியது தப்பு என்றேன். முத்துமாரி சொன்னதை ஜோதியே இந்தத் தடவை நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். யாரும் கைதட்டவில்லை. அடுத்து நாற்காலி செய்கிறவன் எழுந்து நாற்காலிக்கு வரி கேட்டான். அவனுக்குத் தட்டினார்கள். டேல் மட்டும் தட்டவில்லை.

அதற்குள் பாளையம்பட்டியில் தலையணை உறையும் நின்றுவிட்டது. போன வாரம் கனகராஜ் கடைசி மிசினையும் மூடினான். வாடகைக்கு எடுத்த பதினைந்து மிசினையும் கொடுத்தவன் வந்து ஏற்றிப் போய்விட்டான். முத்துமாரி இப்போது சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற இடத்துக்குப் போகிறாளாம்.

8

இதுவரை எழுதியதை முன்பே அனுப்பிவிட்டேன், இந்தக் கடைசிப் பகுதியை இப்போது சேர்க்கிறேன். நேற்று ஜெயபால் சார் மலரின் அச்சுப் படியைப் போனில் அனுப்பினார். என் பக்கம் நன்றாக வந்திருக்கிறது. கிட்டங்கி, லாரி, வகுப்பறை எல்லாம் இருக்கிறது, படமும் பெரிசு. 'ஊர் நடப்பு' என்று பின்னால் ஒரு பக்கம். அதில் ஒரு வரி: 'உலகப் பொருளாதார மந்தத்தின் காரணமாகப் பாளையம்பட்டித் தையல் நிறுவனம் மூடப்பட்டது.'

உடனே கூப்பிட்டேன்.

"சார், அந்த வரி தப்பு."

"மூடலையா அண்ணாச்சி?"

"மூடியாச்சு. காரணம் தப்பு."

"மந்தம்தான? பேப்பர் பூராம் அப்படித்தான போட்டிருக்கான்."

"மந்தம் இருந்துச்சு. படுத்த வியாபாரத்த எந்திரிக்க விடாம அமுக்குனது நாங்க. அதப் போடுங்க."

"உங்க கட்டுரையில அந்த நாலஞ்சு பகுதிய எடுத்துருவமான்னே கமிட்டியில கேட்டாக. நல்ல நாளு அதுவுமா, உங்க பேருக்கு எதுக்கு அண்ணாச்சி? நாங்க ஒங்கள விட்டுக்குடுப்பமா?"

நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் கமிட்டியார் கேட்டுக்கொள்ளுங்கள். மந்தம் என்று யாரோ வழிப்போக்கன் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனதுபோல எழுதக்கூடாது. நாற்பது பேர் வேலை போயிருக்கிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள், மலர் அவர்கள் கைக்கும் போகும். யார் செய்தது என்று தெரியாமல் அவர்கள் வளரவேண்டாம்.

அந்த வரியை இப்படித் திருத்துங்கள்: 'நாடுகள் ஒன்றுக்கொன்று இறக்குமதி வரியைக் கூட்டிக்கொண்டே போனதால் உலக மந்தம் முற்றி, பாளையம்பட்டித் தையல் நிறுவனம் மூடப்பட்டது. அவ்வரியை எழுந்து நின்று கேட்டவர்களில் ஒருவர் அதன் முதலாளி தங்கப்பாண்டி.' என் அப்பா பேரையும் சேர்த்து முழுசாகப் போடுங்கள், இந்தப் பேரில் ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். எழுத்தைச் சின்னதாக்கி மூலையில் தள்ளக்கூடாது. அந்த மண்டபத்தில் என்னோடு கைதட்டியவர்கள் இருநூறு பேர் இருப்பார்கள், அவர்கள் பங்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் பங்கை என் பேரில் எழுதுங்கள்.